சடையாண்டிப் புள்ளிப்பருந்து

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்று தொடங்கினால் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் வேலை குறைவு. என்ன செய்வது, இந்தக் காட்டில் சிங்கம் இல்லை. புலி இருப்பதாக நுழைவாயிலில் ஒரு பலகை இருந்தது, புலியும் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு கரடியும், அந்தக் கரடிக்குத் திடீரென்று வாய்த்த ஒரு கேமராவும்தான்.

கரடியின் பெயர் சடையாண்டி. சடையாண்டிக்கு மூக்கு கூர்மை, காது கூர்மை, கண் மட்டும் சுமார். நாலடி தள்ளி இருப்பதெல்லாம் அவனுக்குப் பச்சையாகவோ பழுப்பாகவோ ஒரு பூச்சு. ஆகவே பறவை என்பது அவனைப் பொறுத்தவரை மரத்திலிருந்து வருகிற சத்தம். காலையில் ஒரு மாதிரிச் சத்தம், சாயங்காலம் வேறு மாதிரிச் சத்தம், தலைக்கு மேல் எப்போதாவது எச்சம். அதற்கு மேல் பறவைகளோடு அவனுக்குப் பழக்கம் கிடையாது.

கேமரா வந்த கதை இப்படி. சுற்றுலா ஜீப்பில் வந்த ஒருவர் அவசரத்துக்கு இறங்கி ஒரு புதரைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தார். சடையாண்டி அந்தப் பக்கமிருந்து வந்தான். இருவரும் ஒரே நேரத்தில் அலறினார்கள். அவர் ஜீப்பைப் பார்த்து ஓடினார், இவன் ஓடையைப் பார்த்து ஓடினான். ஜீப் போன பிறகு சடையாண்டி மெதுவாகத் திரும்பி வந்து பார்த்தால், புல்லில் நீளமான மூக்கு வைத்த ஒரு கேமரா கிடந்தது.

எதைக் கண்டாலும் கரடி முதலில் என்ன செய்யுமோ அதைச் செய்தான். நக்கிப் பார்த்தான். தேன் இல்லை. உறிஞ்சிப் பார்த்தான். கறையானும் இல்லை. சரி என்று நெஞ்சு மயிரில் துடைத்துவிட்டு, ஒரு கண்ணை அதில் வைத்தான்.

எதிர்மரத்தில் ஒரு மைனா இருந்தது. கண்ணைச் சுற்றி மஞ்சள் அரைத்துப் பூசினது போல ஒரு பட்டை. அலகும் மஞ்சள், காலும் மஞ்சள். அது தலையைச் சாய்த்து இவனைப் பார்த்தது.

“அட!” என்றான் சடையாண்டி. “இதுக்கு மூஞ்சி இருக்கு!”

அன்று முழுக்க அவன் ஒன்றும் தின்னவில்லை. கொண்டலாத்தி ஒன்று தலையில் இருந்த விசிறியை விரித்து விரித்து மூடியது, அதையே பார்த்துக்கொண்டிருந்தான். தவிட்டுக்குருவிகள் கும்பலாகக் கீழே இறங்கி, ஒன்றை ஒன்று திட்டிக்கொண்டே சருகைக் கிளறின; அவை திட்டி முடிக்கும்வரை இருந்தான். இத்தனை வருடம் தலைக்கு மேல் ஒரு திருவிழாவே நடந்திருக்கிறது, நாம் கீழே கறையான் புற்றில் மூக்கை விட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம் என்று நினைத்து ஒரு உறுமல் உறுமினான். சந்தோஷத்தில்தான்.

படமும் எடுத்தான். ஒன்றில் அந்த மைனா. ஒன்றில் வால் மட்டும் இருந்தது. ஒன்றில் மரங்கொத்தி அப்போதுதான் எழுந்துபோன கிளை. இன்னொன்றில் வெறும் வானம்; அதில் ஒரு பச்சைக்கிளி இருந்தது என்பதற்குச் சடையாண்டியின் வார்த்தையைத் தவிர வேறு சாட்சி இல்லை. காட்டில் யாராவது கதை அளந்தால் ‘கரடி விடுகிறான்’ என்று சொல்கிற வழக்கம் இருந்ததால், நிஜக் கரடியின் சாட்சி எடுபடவில்லை.

அந்தக் காட்டில் பறவை நோக்கர் கழகம் என்று ஒன்று ஏற்கெனவே இருந்தது. ஜீப்புகள் நிறைய வந்துபோகிற காடு அல்லவா, கேமராவுக்குப் பஞ்சமில்லை. சார்ஜ் ஏற்ற மட்டும் வனக்காவலர் கொட்டகையின் சோலார் பலகைக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசையில் முள்ளம்பன்றிக்குப் பின்னால் இடம் கிடைத்தால் யாரும் நெருக்கியடிக்க மாட்டார்கள்.

கழகத்தின் தலைவர் ஏகாம்பரம் என்னும் மந்தி. வெள்ளைப் புருவம், கறுத்த முகம், நீண்ட வால், அதைவிட நீண்ட பேச்சு. செயலாளர் கனகவல்லி என்னும் அண்டங்காக்கை. “ஒரே ஒரு றெக்கையைக் காட்டு, அது எந்த ஊரு, எந்தக் குடும்பம்னு நான் சொல்றேன்” என்பாள். நரியும் உறுப்பினராக இருந்ததுதான். அது பார்த்த பறவையை அதன்பிறகு வேறு யாராலும் பார்க்க முடியவில்லை என்பதால் நீக்கிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலையில் பாறை மேல் கழகம் கூடியது. சடையாண்டி கூச்சத்தோடு தன் மைனா படத்தைக் காட்டினான்.

ஏகாம்பரம் பார்த்தார். “மைனா.”

“ஆமாங்கய்யா. கண்ணைச் சுத்தி மஞ்சளா—”

“அழிச்சிரு.”

அடுத்த படத்தைக் காட்டினான். “தவிட்டுக்குருவி. அழிச்சிரு. இது என்ன, கிளையா? இதையும் அழிச்சிரு. தம்பி, வீட்டு வாசல்ல இருக்கறதையெல்லாம் எடுக்கறதுக்கா கேமரா? அப்புறம், லென்ஸ்ல என்ன கோந்து மாதிரி? நக்கினியா?”

சடையாண்டி தலையைக் குனிந்துகொண்டான்.

“கழகத்தோட முதல் விதி,” என்றார் ஏகாம்பரம், எல்லோருக்கும் கேட்கும்படி. “லென்ஸை நக்கக் கூடாது.”

அதுவரை அப்படி ஒரு விதி தேவைப்பட்டதில்லை. அன்றுதான் சேர்த்தார்கள்.

அவனைத் தற்காலிக உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். தற்காலிக உறுப்பினர் பாறையில் உட்காரக் கூடாது, கீழே புற்றுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். அது அவனுக்குத் தண்டனையாகப் படவில்லை. ஆனால் ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. குளிர்காலத்தில் கழகம் மலையைத் தாண்டிப் பெரிய ஏரிக்குப் போகும். அங்கே பூநாரைகள் வரும். அந்தப் பயணத்துக்கு முழு உறுப்பினர்கள் மட்டும்தான் போகலாம்.

“பூநாரை எப்படி இருக்கும்க்கா?” என்று அவன் கனகவல்லியிடம் கேட்டான்.

“ரோஸ் கலர்ல இருக்கும்.”

“எது, காலா?”

“முழுசாவே. ஆயிரக்கணக்குல. ஏரியே ரோஸா தெரியும்.”

சடையாண்டிக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. பச்சையும் பழுப்புமாகவே வாழ்ந்தவன் அவன். ஒரு ஏரி நிறைய ரோஸ் நிறத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், அப்புறம் கண்ணே போனாலும் கவலையில்லை என்று தோன்றியது.

“முழு உறுப்பினராக என்ன செய்யணும்?”

“நம்ம யாருகிட்டயும் இல்லாத பறவை ஒண்ணைக் கொண்டாந்து காட்டணும்,” என்றாள் கனகவல்லி. பிறகு வழக்கம்போல் தன் பிள்ளையைப் பற்றி ஆரம்பித்தாள். “எம் மூத்தவன் கூட இருந்தா உனக்குக் காட்டிக் குடுப்பான். என்ன குரல்ங்கற அவனுக்கு! எங்க வம்சத்துலயே கிடையாது. பாடினான்னா குயிலுன்னே நெனைப்பே. றெக்கை முளைச்சதும் பறந்து போயிட்டான். பெரிய இடத்துல இருப்பான்.”

சடையாண்டி மறுநாளே அத்திமரத்தடியில் போய் உட்கார்ந்தான். ஏகாம்பரம் சொல்லிக் கொடுத்தபடி மூச்சைப் பிடித்துப் பழகினான், முழங்கையை மடியில் ஊன்றிப் பழகினான். பல நாள் ஒன்றும் வரவில்லை. ஒரு மத்தியானம் இலைக்கு நடுவே பழுப்பாக ஒன்று அசைந்தது. கேமராவில் பார்த்தால் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. கண் இரத்தச் சிவப்பு. அவசரமாக ஒரே ஒரு படம் எடுத்தான். கை ஆடிவிட்டது. பாதிப் பறவை, பாதி இலை.

சனிக்கிழமை அந்தப் படத்தைப் பார்த்துக் கழகத்தில் முதல்முறையாக யாரும் ‘அழிச்சிரு’ என்று சொல்லவில்லை. மான் எட்டிப் பார்த்தது. உடும்பு ஏறிப் பார்த்தது. முள்ளம்பன்றி பார்க்க வந்தபோது எல்லோரும் தாமாகவே வழிவிட்டார்கள்.

“பருந்து,” என்றார் ஏகாம்பரம் கடைசியில். “கண்ணைப் பாருங்க.”

“நம்ம பக்கத்துப் பருந்தே இல்ல,” என்றாள் கனகவல்லி. “வடக்கேயிருந்து வழிதவறி வந்திருக்கு. நான் அடிச்சுச் சொல்றேன்.”

கண்டுபிடித்தவர் பெயரையே வைப்பது மரபாம். சடையாண்டிப் புள்ளிப்பருந்து என்று பெயர் வைத்தார்கள். சடையாண்டிக்குக் கண் கலங்கியது. அவனுடைய அம்மாகூட அவனைப் பார்த்து அவ்வளவு பெருமைப்பட்டதில்லை. ஆனால் ஏகாம்பரம் வாலை உயர்த்தினார். “ஒரு தெளிவான படம் வேணும். அது வந்தால் முழு உறுப்பினர், ஏரிப் பயணம், எல்லாம். நாளை விடியும்போதே எல்லோரும் கிளம்புறோம். அந்தப் பறவை எங்கே போனாலும் பின்னாடியே போறோம்.”

அப்போது பாறைக்கு மேலிருந்த கிளையில் ஒரு குரல் கேட்டது. “ஐயா, ஒரு நிமிசம்.”

அதே பறவை. பழுப்பு உடம்பு, வெள்ளைப் புள்ளி, சிவந்த கண். கழகம் மொத்தமும் கேமராவைத் தூக்கியது. கூட்டத்தில் ஒருவர் கை இன்னொருவர் முகத்தில் பட்டு, ஒரு படமும் விழவில்லை.

“எம் பேரு மாரிக்கனி. நான் பருந்தும் இல்ல, கிருந்தும் இல்ல. சாதாரணக் குயிலு. என் பின்னாடியெல்லாம் வர வேணாம்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

கனகவல்லி சிரித்தாள். “குயில் கறுப்பு.”

“அது ஆம்பளைக் குயிலுக்கா. பொம்பளை நாங்க இப்படித்தான் இருப்போம்.”

“குயிலுன்னா எங்கே, ஒரு ‘கூ’ சொல்லு பாப்போம்.”

மாரிக்கனி தயங்கினாள். “பாட்டெல்லாம் எங்க வீட்டுக்காரருதான். எனக்கு ‘கிக்கிக்’னுதான் வரும்.”

கழகம் கொல்லென்று சிரித்தது. ஏகாம்பரம் கையைத் தூக்கி அமைதிப்படுத்தினார். “அம்மா, உங்க கருத்தை மதிக்கிறோம். ஆனா பறவையைக் கேட்டு அடையாளம் சொல்ற வழக்கம் இந்தக் கழகத்துல கிடையாது. விட்டா நாளைக்கு ஒவ்வொண்ணும் வந்து நான்தான் மயிலுன்னு நிக்கும். வாக்கெடுப்புக்கு விடுவோம்.”

வாக்கெடுப்பில் மாரிக்கனி பருந்து என்று முடிவாயிற்று. எதிர்த்து விழுந்தது ஒரே வாக்கு, அதுவும் அவளுடையது. அவள் உறுப்பினர் இல்லை என்பதால் அதைத் தள்ளிவிட்டார்கள். சடையாண்டியும் பருந்துக்குத்தான் கையைத் தூக்கினான். ஏன் பொய் சொல்ல வேண்டும், அவன் கண்ணில் அப்போது ஏரி முழுக்க ரோஸ் நிறம்.

சாயங்காலம் அவன் ஓடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது மாரிக்கனி பக்கத்துக் கல்லில் வந்து உட்கார்ந்தாள்.

“அண்ணே, நாளைக்கு மட்டும் என்னை விட்ருங்க.”

“நீ ஏன் தங்கச்சி இப்படிப் பயப்படுறே? படம்தானே எடுக்கப் போறோம். நாங்க நரியில்லையே.”

மாரிக்கனி அக்கம்பக்கம் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். “எனக்கு முட்டையிடற நேரம். வீடு கட்டத் தெரியாத கூட்டம்ண்ணே நாங்க. வருசா வருசம் ஒரு காக்கா வீட்டுலதான் வெச்சுட்டு வருவோம். எங்க வீட்டுக்காரரு அந்தப் பக்கம் நின்னு கூவுவாரு, காக்கா அவரை வெரட்டிக்கிட்டுப் போகும், நான் இந்தப் பக்கமா நுழைஞ்சு வெச்சுட்டு வந்துருவேன். அந்த நேரம் பாத்து இத்தனை கேமரா என் பின்னாடி வந்துச்சுன்னா?”

“எந்தக் காக்கா வீடு?”

மாரிக்கனி மேலே இலுப்பை மரத்து உச்சியைப் பார்த்தாள். அங்கே இருந்தது கனகவல்லியின் கூடு.

சடையாண்டிக்குக் குடித்த தண்ணீர் புரையேறியது. இருமி முடித்ததும்தான் அவனுக்கு ஒன்று உறைத்தது. “அப்போ அந்தக்காவோட மூத்த பையன்? பாட்டுக்காரன்?”

“எம் பையன்தாண்ணே,” என்றாள் மாரிக்கனி. சொல்லும்போது வெட்கமும் பெருமையும் சேர்ந்து வந்தது. “அந்தம்மா நல்லாத்தான் வளத்தாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சா கூட்டுலயே வெச்சுக் கொத்திப் போட்டுருவாங்க. இவ்வளவுதாண்ணே சொல்ல முடியும். அப்புறம் உங்க இஷ்டம்.”

அவள் போய்விட்டாள். சடையாண்டி ஒரு புற்றைக்கூடத் தோண்டாமல் படுத்தான்.

விடிந்தது. பறவை அந்தப் பக்கம் பறந்ததைப் பார்த்துப் பின்தொடர்ந்து வந்த கழகம், இலுப்பை மரத்துக்குச் சற்றுத் தள்ளி உன்னிப் புதருக்குப் பின்னால் குனிந்து நின்றது. கண்டுபிடித்தவருக்கே முதல் படம் என்பது மரபு என்பதால் சடையாண்டியை மட்டும் எதிரிலிருந்த மரத்தில் ஏற்றிவிட்டார்கள். கனகவல்லியும் புதருக்குப் பின்னால்தான் இருந்தாள். முட்டையிருக்கும் கூட்டை விட்டுவிட்டுப் பறவை பார்க்க வந்த ஒரே பறவை அவள்தான்.

தெற்கே ஒரு பூவரசிலிருந்து ‘கூ... கூ...’ என்று கேட்டது.

செயலாளராக இருந்தாலும் காக்கை காக்கைதான். “இந்தக் கறுப்புப் பயலை இருக்க விடக் கூடாது!” என்று கனகவல்லி இறக்கையை அடித்துக்கொண்டு பறந்தாள். குயில் அங்கிருந்து பறந்து இன்னும் தள்ளிப் போய்க் கூவியது. அவள் இன்னும் தள்ளிப் போனாள்.

வடக்கேயிருந்து பழுப்பாக ஒன்று சத்தமில்லாமல் வந்து கனகவல்லியின் கூட்டில் இறங்கியது.

கீழே நின்றவர்களுக்கு இலை மறைத்தது. சடையாண்டிக்கு ஒன்றும் மறைக்கவில்லை. கேமராவைக் கண்ணில் வைத்தான். முந்தைய நாள்களில் எத்தனை பாடுபட்டும் கிடைக்காத தெளிவு அன்று கிடைத்தது. மாரிக்கனியின் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகத் தெரிந்தது. வாலில் வரி வரியாக வெள்ளை. சிவந்த கண்ணில் காலை வெளிச்சம் ஒரு சொட்டு. அவள் உடம்பைக் கூட்டில் அழுத்திக்கொண்டு, கொஞ்சம் பயத்தோடு, நேராக இவனைப் பார்த்தாள். அவ்வளவு அழகான ஒன்றை அவன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

கை ஆடவே இல்லை. அதுதான் கொடுமை. பாழாய்ப்போன கை இத்தனை நாள் ஆடிவிட்டு, அன்றைக்குப் பார்த்துப் பாறை போல நின்றது. விரல் பொத்தான் மேல் இருந்தது. அழுத்தினால் பூநாரை. அழுத்தினால் கூடும் குயிலும் முட்டையும் அச்சு அசலாகப் பதிவாகும்.

“எடுத்தாச்சா?” என்று கீழேயிருந்து ஏகாம்பரம் கிசுகிசுத்தார். “எடுக்காம இறங்கினா உறுப்பினர் பதவியே கிடையாது, ஆமா!”

தூரத்தில் கனகவல்லி திரும்பி வருகிற சத்தம் கேட்டது.

சடையாண்டி கேமராவைத் திருப்பினான். நாக்கை முழுசாக நீட்டினான். கரடி நாக்கு எவ்வளவு நீளம் என்பது கரடிக்கும் கறையானுக்கும்தான் தெரியும். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை லென்ஸை ஆசை தீர நக்கினான். பிறகு திருப்பி வைத்து, படக்கென்று ஒரு படம் எடுத்தான்.

மாரிக்கனி பறந்துவிட்டாள். கனகவல்லி வந்து இறங்கினாள். சடையாண்டி மரத்திலிருந்து இறங்கியதும் எல்லோரும் கேமராவைச் சுற்றிக் கூடினார்கள். பழுப்பாக ஒரு கசிவு. அதைச் சுற்றிக் குச்சி குச்சியாக ஏதோ. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பளபளப்பு.

கனகவல்லி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். “ஏப்பா, இது எங்க கூடு மாதிரி இருக்கே?”

சடையாண்டியின் நெஞ்சுக்குள் யாரோ உரலில் இடித்தார்கள்.

“எங்க கூடேதான். இந்த வளைஞ்ச கம்பி நான் கொண்டாந்து வெச்சது.” கனகவல்லி நிமிர்ந்தாள். அவள் கண்ணில் தண்ணீர். “பாத்தீங்களா தலைவரே? நான் அந்தக் குயிலை வெரட்டப் போன நேரத்துல, என் முட்டைக்கு இது காவல் இருந்திருக்கு! வடக்கேயிருந்து வந்த பறவைக்கு எவ்வளவு பண்பாடு பாருங்க!”

கழகம் நெகிழ்ந்து போயிற்று. முள்ளம்பன்றி மூக்கைச் சிந்தியது.

ஏகாம்பரம் மட்டும் படத்தை இன்னும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நக்கின வாடை அவர் மூக்குக்கு எட்டியிருக்க வேண்டும். ஆனால் படம் தேறவில்லை என்று சொன்னால் மறுபடி விடியலில் எழுந்து வர வேண்டும். அவர் தொண்டையைக் கனைத்தார்.

“அபூர்வப் பறவைன்னா படம் இப்படித்தான் இருக்கும்,” என்றார். “பளிச்சுன்னு தெரிஞ்சா அது மைனா.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. சடையாண்டி முழு உறுப்பினர் ஆனான், பாறையில் உட்கார்ந்தான். பாறை புற்றைப் போல அவ்வளவு ருசியாக இல்லை.

மறு சனிக்கிழமை கூட்டம் நடக்கும்போதே மாரிக்கனி கையெட்டும் தூரத்துக் கிளையில் வந்து உட்கார்ந்து அத்திப்பழம் தின்றாள். சடையாண்டி பதறிப்போய் ஏகாம்பரத்தைப் பார்த்தான். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். “அதுவா? ஏதோ சாதாரணம். நம்ம புள்ளிப்பருந்து இன்னும் பெரிசா, மங்கலா இருக்கும்.”

குளிர்காலத்தில் ஏரிக்குப் போனார்கள். பூநாரைகள் வந்திருந்தன. கனகவல்லி சொன்னது பொய்யில்லை. ஏரியே ரோஸாக இருந்தது. சடையாண்டி கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல் நின்றான், கன்னத்து மயிரெல்லாம் நனைந்துவிட்டது. அன்றைக்கு லென்ஸைத் துடைத்து வைத்திருந்தான். படங்கள் கண்ணாடி போல விழுந்தன. கழகத்தில் காட்டினபோது அவன் எடுத்தது என்று ஒருவரும் நம்பவில்லை. எங்கிருந்தோ இறக்கினது என்றார்கள், கரடி விடுகிறான் என்றார்கள். அவர்கள் அழிக்கச் சொன்னதற்கெல்லாம் அவன் தலையாட்டிவிட்டு ஒன்றைக்கூட அழிக்கவில்லை. அந்த முதல் மைனாவும் இன்னும் அதில்தான் இருக்கிறது.

ஏரிக்குப் போவதற்கு முன்பே இலுப்பை மரத்துப் பிள்ளைகள் றெக்கை முளைத்துப் பறந்து போயிருந்தன. திரும்பி வந்த மறுநாள், “சடையாண்டி, கேட்டியா?” என்று கனகவல்லி வழிமறித்தாள். பூவரசு மரப் பக்கமிருந்து ஒரு இளங்குரல் திக்கித் திணறி ‘கூ’ என்று முயற்சி செய்துகொண்டிருந்தது. “இந்தத் தடவையும் ஒருத்தன் பாட்டுக்காரன்! எங்கேயிருந்துதான் வருதோ இந்தக் குரல்!”

“உங்க வளர்ப்புக்கா,” என்றான் சடையாண்டி. அது பொய்யில்லை என்பதால் அவனுக்குச் சொல்லவும் சுலபமாக இருந்தது.

நீதி: உண்மையைப் பளிச்சென்று படம் பிடிக்குமுன் லென்ஸை ஒரு முறை நக்கிவிடுக, குயிலும் பிழைக்கும், காக்கையும் மகிழும், உமக்கும் பதவி கிடைக்கும்.